திங்கட்கிழமை டெமோவாகப் போகிறவள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், பரீட்சைக் காலம் வந்தால் பாய் சுருட்டுவதே இல்லை. தங்கை கம்பஸ் போன நாளில் தொடங்கிய பழக்கம். அவள் படித்து முடித்து, கல்யாணமும் முடித்து வாழைச்சேனைக்குப் போய்விட்டாள். அவளுடைய ஜூனியர்களின் ஜூனியர்கள் இன்னும் வருகிறார்கள். வந்தாறுமூலையில் படிக்கிறவர்கள் அதிகம்; ஸ்டடி லீவுக்கு ஒலுவிலிலிருந்தும் வேறு கம்பஸ்களிலிருந்தும் ஊருக்கு வந்தவர்களும் இருப்பார்கள். கச்சான் காற்று வெக்கையை வாரிக்கொண்டு வரும் மத்தியானங்களில் எட்டுப் பேர், பத்துப் பேர் சுவரோரம் சாய்ந்திருப்பார்கள். ஒருத்தி நடுவில் நின்று பழைய வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருப்பாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு யன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதற்குப் பெயர் குப்பி. இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். பாடம் விளங்கிய ஒருவர், விளங்காத பத்துப் பேரை இருத்தி வைத்துப் பரீட்சைக்கு முன் சொல்லிக் கொடுப்பது. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். யன்னலுக்கு உள்ளே இருந்து கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் படுவது ஒன்றுதான்: இங்கே கேள்விகள் கொட்டுகின்றன. "மறுகா ஒருக்காச் சொல்லு", "அதென்னெண்டு மைனஸ் வந்த?", "இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?" இதே பிள்ளைகள் லெக்சர் ஹோலில் ஒரு வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "வெக்கம் அக்கா" என்று முடித்துவிடுவார்கள்.

மூன்று வருடமாக இந்த விறாந்தையில் இரசாயனவியல் குப்பி நடத்திய பிள்ளை ஒருத்தி போன மாதம் பின்னேரம் ஒன்றில் வந்தாள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைப் பாலம் 2014-இல் திறக்கும் வரைக்கும் அவளுடைய வீட்டார் பட்டினம் வருவதென்றால் துறையில் பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைக்கு) காத்து நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள், ஒரு சட்டி எருமைத் தயிரோடு. நான்கு வருட விசேட பட்டம் முடிந்திருந்தது. அவள் படித்த துறையிலேயே ஒரு வருடத்துக்குத் தற்காலிக டெமோன்ஸ்ட்ரேட்டராக, எங்கள் வாயில் டெமோவாக, எடுத்திருக்கிறார்கள். எந்தக் கம்பஸ் என்று எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதை விடுகிறேன்.

"அக்கா, திங்கக்கிழமை டியூட்டி எடுக்கணும். டெமோ எண்டா சரியா என்ன செய்யிற?"

நான்கு வருடம் டெமோக்களின் கையில் படித்தவள் கேட்கிற கேள்வி இது. அவளில் பிழை இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் நானும் வேறொரு மாகாணத்தில், வேறொரு கம்பஸில், ஒரு வருடம் டெமோவாக இருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கும் யாரும் முதல் நாளில் பதில் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டு ஒன்று தந்தார்கள், அலுமாரித் திறப்புத் தந்தார்கள், புதன்கிழமை முதலாம் வருடப் பிள்ளைகள் 24 பேர் வருவார்கள் என்றார்கள். அவ்வளவுதான். அன்று பின்னேரம் அவளுக்குச் சொன்னதையும், அவள் போன பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். தமிழ்நாட்டில் கல்லூரியில் படிப்பிக்கிற எல்லோரையும் பேராசிரியர் என்று கூப்பிடுவது வழக்கம். அமெரிக்காவிலும் வகுப்பெடுப்பவரைப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எங்களிடம் அது ஒரு பதவி. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ முடித்து, சிரேஷ்ட விரிவுரையாளராகி, ஆய்வும் வெளியீடும் காட்டி, அதற்கும் பிறகு எட்டுகிற இடம். ஆகவே முதலாம் வருடப் பிள்ளையைப் பொறுத்தவரை பேராசிரியர் என்பவர் கதவில் பெயர்ப்பலகை உள்ளவர், தூரத்தில் உள்ளவர். மறுபக்கம் உதவியாளர்கள். வட அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே மேற்படிப்புப் படிக்கிற மாணவர்கள். பேராசிரியர் முந்நூறு பேருக்கு விரிவுரை செய்வார், பிறகு அந்த முந்நூறு பேரும் இருபது முப்பது பேர் கொண்ட சின்ன வகுப்புகளாகப் பிரிந்து உதவியாளரிடம் போவார்கள். எங்கள் நாட்டில் மேற்படிப்பு மாணவர்கள் குறைவு. அதனால் நேற்றுப் பட்டம் முடித்த, நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையை ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். விஞ்ஞானப் பக்கம் டெமோ. கலைப் பக்கம் தற்காலிக உதவி விரிவுரையாளர். சில இடங்களில் இன்ஸ்ட்ரக்டர்.

இப்போது ஒரு கணக்கு. 2012-இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகம், ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 50 மணித்தியால உழைப்பு என்று சொல்கிறது. விரிவுரை மட்டும் உள்ள மூன்று கிரெடிட் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 150 மணித்தியாலம். கிரெடிட் ஒன்றுக்கு 15 மணித்தியாலம் வீதம் விரிவுரைக்குப் போவது 45. மீதி 105 மணித்தியாலம் அந்தப் பிள்ளை அந்தப் பாடத்தோடு தனியே இருக்க வேண்டும்: நூலகத்தில், ஹொஸ்டல் கட்டிலில், பஸ்ஸில், எங்கள் விறாந்தையில். பேராசிரியர் அந்த 45-க்குள் எவ்வளவு அருமையாகப் படிப்பித்தாலும், பிள்ளை எங்கே தடக்குப்படுகிறது என்பது தெரியவருவது பெரும்பாலும் மற்ற 105-இல்தான். அங்கே அதைப் பார்க்கிற கண் யாருடையது? நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் டெமோ வேலையை விளங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் சொன்னேன்: சேர் பாடத்தைப் பார்க்கிற ஆள், நீ பிள்ளையைப் பார்க்கிற ஆள். பார்த்ததை அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லாவிட்டால் நீ பார்த்தும் பலன் இல்லை.

வெறும் பேச்சாகச் சொன்னால் விளங்காது. என்னுடைய மூன்றாம் புதன்கிழமையைச் சொல்கிறேன்.

நியமிப்பு (டைட்ரேஷன்). உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த பரிசோதனை. குழாயியால் (பிப்பெற்) 25.0 கனசென்ரிமீற்றர் ஐதரோகுளோரிக் அமிலத்தை எடுத்து நியமிப்புக் குடுவைக்குள் விட்டு, இரண்டு துளி பினோப்தலீன் சேர்த்து, அளவியில் (பியூரெற்) இருந்து சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட வேண்டும். நிறமில்லாமல் இருந்த கரைசல் மெல்லிய இளஞ்சிவப்பாகி, அப்படியே நின்றால் முடிவுப் புள்ளி. இரண்டும் ஒரே செறிவு. 25-ஐ ஒட்டி வர வேண்டும். அடுத்தடுத்த வாசிப்புகள் 0.1-க்குள் ஒத்துப்போக வேண்டும்.

பாதிக்கு மேற்பட்ட மேசைகளில் 25.8, 26.4, 25.9, 26.7 என்று வந்தது. எல்லாம் கூட. எல்லாம் சிதறல். கவனமில்லாத பிள்ளைகள் என்று முதலில் நினைத்தேன். இரண்டு மேசைகளில் "ஆறுதலாச் செய்யுங்க, கடைசியில துளித்துளியா விடுங்க" என்று சொல்லிவிட்டும் வந்தேன். அவர்கள் துளித்துளியாகத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். வாசிப்பு மாறவில்லை. பிறகுதான் வாயை மூடிக்கொண்டு ஒரு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் அவர்களுடைய கையை மட்டும் பார்த்தேன்.

குடுவையை ஒவ்வொரு தடவையும் காய்ச்சி வடித்த நீரால் கழுவினார்கள். சரி. பிறகு, மிகக் கவனமாக, அமிலத்தாலும் ஒரு தடவை கழுவினார்கள்.

அங்கேதான் இருந்தது பிழை. அளவியையும் குழாயியையும் அவற்றுக்குள் போகப்போகிற கரைசலாலேயே அலச வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கிற தண்ணீர் கரைசலை ஐதாக்கிவிடும். ஆனால் குடுவையை அப்படி அலசக் கூடாது. சுவரில் ஒட்டி நிற்கிற அமிலம் நாம் அளந்து விட்ட 25.0-க்கு மேலதிகமாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு ஒட்டி நிற்கும். அதனால்தான் வாசிப்பு கூடியும் வந்தது, சிதறியும் வந்தது. கைக்குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அளவிக்கும் குழாயிக்கும் ஒரு சொல், குடுவைக்கு வேறொரு சொல். ஒன்று அலசுவது, மற்றது கழுவுவது. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்து வந்த பிள்ளைகள் இரண்டையும் "கழுவு" என்றே எழுதி வைத்திருந்தார்கள். விரிவுரையில் "கரைசலால் அலசுங்கள்" என்று சொல்லப்பட்டது, ஏன் என்று சொல்லப்படவில்லை. கேட்டுப் பார்த்தேன். 24 பேரில் 13 பேர் அலசுவது துப்புரவுக்காக என்று நினைத்திருந்தார்கள். துப்புரவு என்றால் எல்லாவற்றையும் அலசுவதுதானே? அவர்களுடைய தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. அவர்களில் சிலர் பாடசாலையில் அளவியைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

நான் அவர்களுக்குப் பால்காரரை வைத்துச் சொன்னேன். பால்காரர் அளக்கிற போத்தலுக்குள் தண்ணி நின்றால் பால் தண்ணியாகும், நமக்கு நட்டம். ஆனால் நாம் நீட்டுகிற பானை ஈரமாக இருந்தால் வருகிற பாலின் அளவு மாறுமா? மாறாது. ஒரு போத்தல் பால் ஒரு போத்தல் பால்தான். பானையில் காலையில் வாங்கின பால் கொஞ்சம் மிச்சம் கிடந்தால்? அளந்ததை விடக் கூடப் பால் இருக்கும். போத்தல்தான் குழாயி, பானைதான் குடுவை. ஒரு பிள்ளை "அட!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த "அட" என் ஆயுளில் கேட்ட நல்ல சத்தங்களில் ஒன்று.

கதை அங்கே முடிந்திருந்தால், அந்த 24 பேருக்கு மட்டும் விளங்கியிருக்கும். அடுத்த கிழமை வியாழக்கிழமை வருகிற குழு அதே பிழையை விட்டிருக்கும். அடுத்த வருடப் பிள்ளைகளும் விட்டிருப்பார்கள். அதைத் தடுத்தது எங்கள் பேராசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர், அப்போது ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு டெமோக்கள் நான்கு பேரையும் அவருடைய அறைக்கு வரச் சொல்வார். பிளேன்ரீ, ஒரு பக்கற் பிஸ்கட். வரவுப் பதிவேட்டைக் கேட்க மாட்டார், உடைந்த கண்ணாடிக் கணக்குக் கேட்க மாட்டார். ஒரே ஒரு கேள்வி: "இந்தக் கிழமை பிள்ளையள் எங்க தடக்குப்பட்டவை?"

நான் 13 பேர் கதையைச் சொன்னேன். அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் சொல்லித் தந்தது பிழையெண்டெல்லோ அர்த்தம்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் கோபத்தில் சொல்லவில்லை. திங்கட்கிழமை விரிவுரையைத் தொடங்கும்போது குடுவையைக் கையில் கொண்டுவந்து, "இதை அமிலத்தாலை அலசினா என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் கதையுங்கோ என்றார். 120 பேர் கொண்ட மண்டபம் சந்தை மாதிரி இரைந்தது. அந்த வருடத்துக் கைக்குறிப்பில் ஒரு வசனம் கூடியது. வியாழக்கிழமைக் குழுவில் அந்தப் பிழையை விட்டவர்கள் இரண்டே பேர்.

பிள்ளையின் கை, டெமோவின் கண், பேராசிரியரின் விரிவுரை. இந்த மூன்றுக்கும் நடுவில் வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம். இது வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் அது இல்லாத இடத்தையும் பார்த்திருக்கிறேன். அதே வருடம் இன்னொரு பாடத்துக்கும் உதவிக்குப் போனேன். விரிவுரையாளர் குறிப்பை வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். எனக்கு டியூட்டோரியல் கேள்விகளின் விடைகள் மட்டும் வந்து சேரும். ஒரு கேள்வியின் விடையை வகுப்பில் யாருமே பின்தொடர முடியாமல் நின்றபோது அவரிடம் போய்ச் சொன்னேன். "விடை சரிதானே? அதை எழுதிப் போடும்" என்றார். நான் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் கொண்டுபோகவில்லை. அந்தப் பாடத்தில் கன பேர் திரும்ப எழுத வேண்டி வந்தது. அவர் கெட்டவர் இல்லை. தன்னுடைய பாடத்தில் ஆழமானவர், எனக்கு நல்ல நற்சான்றிதழும் தந்தவர். ஆனால் பிள்ளைகளுக்கும் அவருக்கும் நடுவில் ஆள் போய்வர வழி இருக்கவில்லை. நானும் இரண்டாம் தடவை கதவைத் தட்டாமல் விட்டேன். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

இதில் அனுபவமும் பதவியும் எவ்வளவு பெரிய விசயம் என்று யோசிக்கும்போது நான் திரும்பத் திரும்பப் போய்ச் சேருவது 2011-இல் ஸயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வுக்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிள்ளைகளுக்கான முதலாம் வருட பௌதிகவியல் வகுப்பு, இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 270 பேரளவில். ஒரு பிரிவுக்கு, மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்த, அனுபவமுள்ள ஆசிரியர் வழக்கம்போல விரிவுரை செய்தார். மற்றதை ஒரு கிழமைக்கு மட்டும், படிப்பித்து அவ்வளவு பழக்கமில்லாத இளம் ஆய்வாளர் ஒருவர் எடுத்தார். ஆனால் அவர் விரிவுரை செய்யவில்லை. வாசித்துவிட்டு வரச் சொன்னார், வகுப்பில் கேள்வி போட்டார், பிள்ளைகளைத் தங்களுக்குள் வாதாட விட்டார், விடைகளைப் பார்த்து அந்த இடத்திலேயே திருத்தினார். கிழமை முடிவில் இரண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. விரிவுரைப் பிரிவின் சராசரி 41 வீதம், மற்றதன் சராசரி 74. அந்த ஆய்வுக் குழுவில் இருந்த கார்ல் வீமன், 2001-இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். ஒரே ஒரு கிழமை, ஒரே ஒரு தலைப்பு. அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை நடுங்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் போகப்போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட முடியுமா? "உனக்கு அனுபவம் இல்ல எண்டு யோசிக்காத புள்ள. பிள்ளையள் என்ன நினைக்குது எண்டு கேட்டுப் பார்க்கிற ஆள் வகுப்பில ஒருத்தர் வேணும். அதுக்கு நீ காணும்."

இதைக் கேட்டுவிட்டுப் பேராசிரியர் எதற்கு என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் பேராசிரியரின் இன்னொரு விரிவுரையைத்தான் அதற்குப் பதிலாகச் சொன்னேன். இலே சற்றலியரின் தத்துவத்தை உயர்தரத்தில் தேவாரம் மாதிரிப் பாடமாக்கி வந்திருந்தோம்: சமநிலையில் உள்ள தொகுதியில் ஒரு தாக்கியைக் கூட்டினால், அதைக் குறைக்கும் பக்கம் தாக்கம் நகரும். அவர் அமோனியாத் தாக்கத்தைப் பலகையில் எழுதினார். நைதரசன் ஒரு பங்கு, ஐதரசன் மூன்று பங்கு. அமுக்கத்தை மாற்றாமல் நைதரசனைக் கூட்டினால் எந்தப் பக்கம்? எல்லோரும் வலது, அமோனியா உண்டாகிற பக்கம், என்றோம். மூல்களைப் போட்டுக் கணக்கைச் செய்து காட்டினார். கலவையில் நைதரசன் ஏற்கெனவே பாதிக்கு மேல் இருந்தால், இன்னும் நைதரசன் சேர்க்கச் சேர்க்க ஐதரசனின் பங்கு இறங்கி, தாக்கம் இடது பக்கம் போகும்! மண்டபம் ஊமையானது. பாடமாக்கின விதி எங்கே வரைக்கும் செல்லும், எங்கே செல்லாது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் அன்றைக்குக் காட்டினார். அவருடைய நாற்பது வருடம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் இருந்தது. எந்த டெமோவாலும் அதைச் செய்ய முடியாது. நான் செய்ய முயன்றிருந்தால் ஒரு சமன்பாட்டைத்தான் எழுதிக் காட்டியிருப்பேன்.

ஆக, டெமோ குட்டிப் பேராசிரியர் ஆகப் பார்க்கக் கூடாது. பல பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள், நானும் தொடங்கினேன்: முதல் இரண்டு புதன்கிழமைகளும் பலகைக்கு முன் நின்று விரிவுரையைத் திருப்பிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே பாடம் இரண்டு தடவை கிடைத்தது, இரண்டாவது தடவை முதலாவதை விட மோசமாக.

மொழி விசயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தின் பக்கத்தில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. பாடசாலைக்குப் போகும்போது தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். காரைதீவில் 1892-இல் பிறந்தவர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அது எல்லோருக்கும் தெரியும். அவர் தமிழ்க் கதிரைக்கு வரும் முன்பு விஞ்ஞானம் படித்து, 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பதும், தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கிய வேலையில் முன்னுக்கு நின்றவர் என்பதும் எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அளவி, குழாயி, காட்டி என்று நாங்கள் இன்று வாய் நிறையச் சொல்கிற சொற்களுக்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. கம்பஸில் விஞ்ஞானம் ஆங்கிலத்துக்கு மாறும்போது அந்தச் சொற்களைப் பிள்ளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. நேற்றுத்தான் அதே மாற்றத்தைத் தாண்டி வந்த டெமோவுக்கு, எந்த ஆங்கிலச் சொல் எந்தத் தமிழ்ச் சொல்லோடு போய் மோதும் என்று தெரியும். நாற்பது வருடமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிற பேராசிரியருக்கு அந்த மோதல் மறந்துபோயிருக்கும். விளங்காத பிள்ளைக்கு ஒரு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டு, அந்தத் தமிழைப் பிடித்துக்கொண்டே ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்பிப் போகலாம். எங்கள் விறாந்தைக் குப்பியில் அது எந்தச் சட்டமும் இல்லாமல் தானாக நடக்கிறது. அதைத்தான் ஆய்வுகூடத்துக்கும் கொண்டுபோகச் சொன்னேன்.

அவள் கையில் நான் கொடுத்தது ஒரு பழைய சீ.ஆர். கொப்பி. அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு புதன்கிழமைக்கும் ஒரு பக்கம்: என்ன பரிசோதனை, எத்தனை பேர், எங்கே தடக்குப்பட்டார்கள், எத்தனை பேர், ஏன் என்று கேட்டதற்கு என்ன சொன்னார்கள், வெள்ளிக்கிழமை சேர் என்ன சொன்னார். பேராசிரியர்தான் எழுதச் சொன்னார். எங்கள் முறையில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இந்த இடத்தில்தான். டெமோ ஒரு வருடத்தில் போய்விடுவார். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஆறு மாதம் போயிருக்கும். மற்ற ஆறு மாதம் நன்றாகச் செய்திருப்பார். பிறகு அந்த அறிவு அவரோடு வெளியே போய்விடும். அடுத்த வருடம் புதிதாக ஒருவர் வெள்ளைக் கோட்டையும் அலுமாரித் திறப்பையும் வாங்கிக்கொண்டு அ-னாவிலிருந்து தொடங்குவார். நிரந்தரமாகச் சேருகிற விரிவுரையாளருக்குப் படிப்பிக்கிற முறை பற்றிய பயிற்சிநெறி உண்டு. மாணவரின் கையைப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஆளுக்கு, எனக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடைக்கவில்லை. துறைக்கு ஒரு கொப்பி வைத்து, டெமோ மாறும்போது அதைக் கைமாற்றினால் செலவு ஒன்றும் இல்லை. நான் போகும்போது என் கொப்பியை யாரும் கேட்கவில்லை, அதனால் அது என்னோடு மட்டக்களப்புக்கு வந்துவிட்டது.

வேறு சிலவற்றையும் சொல்லி அனுப்பினேன். போன வருடம் சீனியராக இருந்தவள் இந்த வருடம் புள்ளி போடுகிறாள். தெரிந்த பிள்ளையின் அறிக்கையைக் கடைசியாகத் திருத்து, பெயரை மூடிவிட்டுத் திருத்து. யாராவது தன் வீட்டு வேலைக்கோ சொந்தக் கட்டுரையைத் தட்டச்சுச் செய்யவோ கூப்பிட்டால் புதன்கிழமைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. பழைய அறிக்கையைப் பார்த்து எழுதிக் கொண்டுவருகிற பிள்ளையைத் திட்ட முதல், அது தன் வாசிப்பை நம்பாமல் ஏன் வேறொருவரின் வாசிப்பை நம்புகிறது என்று பார்.

"சேர் கோவிச்சுக்கொண்டா?" என்று கடைசியாகக் கேட்டாள். இதைத்தான் அவள் வந்ததிலிருந்து கேட்க நினைத்திருக்கிறாள். நான் அந்த 'விடை சரிதானே' கதையை நினைத்துக்கொண்டே சொன்னேன்: முறைப்பாடாகக் கொண்டுபோகாதே, எண்ணிக்கையாகக் கொண்டுபோ. "பிள்ளையளுக்கு விளங்கல்ல சேர்" என்றால் அவர் மேல் குற்றம் சாட்டுவது போல இருக்கும். "24 பேர்ல 13 பேர் இப்படிச் செய்தவங்க சேர், இதுக்காகத்தானாம்" என்றால் அது தரவு. விஞ்ஞானம் படித்தவர் தரவோடு கோபிக்கக் கஷ்டப்படுவார். அப்படியும் கோபித்தால் இரண்டாம் தடவையும் போ.

வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு அவளுடைய அழைப்பு வந்தது.

"அக்கா, ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. நான் நீங்க சொன்ன மாதிரி சும்மா நிண்டு கையப் பார்த்தன்."

"என்ன கண்ட?"

"20 பேர்ல எட்டுப் பேர் புனல அளவிக்குள்ளயே விட்டுட்டுத் திறந்தவங்க. புனல்ல நிக்கிற துளி உள்ள விழுந்து வாசிப்பக் குழப்புது. ஏன் புனல எடுக்கல்ல எண்டு கேட்டன். மெனுவல்ல புனலப் போடச் சொல்லிக் கிடக்கு, எடுக்கச் சொல்லிக் கிடக்கல்ல எண்டாங்க. நானும் போய்ப் பார்த்தன். உண்மைதான் அக்கா, எடுக்கச் சொல்லி இல்ல."

"மெனுவல் எழுதின ஆர்?"

"சேர்தான்." கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பின்னால் ஹொஸ்டல் குழாயில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம். "நாளைக்குப் பின்னேரம் அறையில இருப்பாராம். எழுதி வெச்சிருக்கன். இருபதுக்கு எட்டு."